ஸ்டீராய்டு மாத்திரையில் கிருமிக்கு என்ன வேலை?

வேலூர் ஐடா ஸ்கடர் சாலையில், சி.எம்.சி மருத்துவமனைக்கு எதிரே வரிசையாக இருக்கும் மெடிக்கல்களில் எதில் கேட்டாலும் பிரெட்னிசலோன் கிடைக்கும். மூட்டுவாதம், ஆஸ்துமா, தோல் நோய், சிறுநீரகக் கோளாறு என்று பல துறை மருத்துவர்களின் சீட்டிலும் இடம்பெறும் மருந்து அது. 5 மில்லிகிராம் மாத்திரைப் பட்டை ஒன்று, ஒரு டீயும் வடையும் வாங்கும் காசுக்குள் முடிந்துவிடும். அந்த வெள்ளை மாத்திரையைச் செய்ததில் பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் பங்கு உண்டு என்றால் வாங்குபவர் நம்பத் தயங்குவார்.

நுண்ணுயிர்களைக் கொண்டு புதிய ஸ்டீராய்டு மருந்துகள் என்று செய்தி வரும்போதெல்லாம் மூன்று கேள்விகள் எழுகின்றன:

1. அந்த மருந்துக்குள் கிருமி இருக்குமா?
2. உயிரினம் செய்தது என்றால் பக்கவிளைவு குறையுமா?
3. ஜிம்முக்குப் போகிறவர்கள் ஊசி போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டும் இதுவும் ஒன்றா?

மூன்றுக்கும் பதில் "இல்லை" என்பதுதான். ஆனால் ஏன் இல்லை என்று தெரிந்துகொண்டால்தான் அடுத்த செய்தி வரும்போது குழம்பாமல் இருக்கலாம்.

நான்கு அறை வீடு

ஸ்டீராய்டு என்பது ஒரு தனி மருந்தின் பெயர் கிடையாது. ஒரே எலும்புக்கூட்டைக் கொண்ட பெரிய மூலக்கூறுக் குடும்பத்தின் பெயர். 17 கார்பன் அணுக்கள் சேர்ந்து நான்கு வளையங்களாக ஒட்டி நிற்கும். மூன்று வளையங்களுக்கு ஆறு மூலை, நான்காவதற்கு ஐந்து மூலை. பொதுச்சுவர் வைத்துக் கட்டிய நான்கு அறை வீடு போல நினைத்துக்கொள்ளலாம். வேதியியலாளர்கள் ஒவ்வொரு கார்பனுக்கும் கதவு எண் போல ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். 3, 11, 16, 17 என்று அவர்கள் பேசுவது இந்த எண்களைத்தான்.

கொலஸ்டிரால் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் எலும்புக்கூட்டில் பக்கவாட்டில் ஒரு நீண்ட வால் தொங்கும். மொத்தம் 27 கார்பன். நம் உடல் அந்த வாலை நறுக்கி, அங்கங்கே ஆக்சிஜனைச் சேர்த்து ஹார்மோன்களைச் செய்துகொள்கிறது. கார்டிசால், டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் எல்லாம் அப்படி வந்தவை.

ஜிம்மில் பேசப்படுவது டெஸ்டோஸ்டிரோனின் உறவினர்கள். பிரெட்னிசலோன், டெக்சாமெத்தசோன் போன்றவை கார்டிசாலின் உறவினர்கள். இரண்டும் செய்யும் வேலை கிட்டத்தட்ட எதிரெதிர். முதல் வகை தசையை ஏற்றும். இரண்டாம் வகையை நீண்ட நாள் எடுத்தால் தசை இளைக்கும், எலும்பு தேயும். கருத்தடை மாத்திரையில் இருப்பதும் ஸ்டீராய்டுதான், அது மூன்றாவது கிளை. எலும்புக்கூடு ஒன்றே. எந்தக் கதவில் என்ன மாட்டியிருக்கிறது என்பதில்தான் இத்தனை வேறுபாடும்.

பதினோராம் கதவில் சிக்கிய வேதியியல்

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் அவதிப்பட்ட ஒரு பெண்ணுக்கு, கார்டிசாலின் நெருங்கிய உறவான கார்டிசோனை ஊசியாகப் போட்டார். அதை அட்ரினல் சுரப்பியிலிருந்து பிரித்தறிந்தவர்களில் ஒருவரான எட்வர்ட் கெண்டல் அவருடன் பணிபுரிந்தவர். நகர முடியாமல் கிடந்த நோயாளி சில நாட்களில் நடந்தார். சுவிட்சர்லாந்தின் ததேயுஷ் ரைக்ஸ்டைனையும் சேர்த்து மூவருக்கும் 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மருந்து கிடைத்தது, ஆனால் போதுமான அளவுக்குச் செய்ய வழியில்லை. மாட்டுப் பித்தத்திலிருந்து எடுத்த ஓர் அமிலத்தை முப்பதுக்கும் மேற்பட்ட வேதிவினைகளின் வழியாக மாற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. 615 கிராம் பித்த அமிலத்தைப் போட்டால் முடிவில் 1 கிராம் கார்டிசோன் அசிடேட். ஒரு கிராம் 200 டாலர். மூட்டுவலிக்காரர் ஒருவருக்கு மாதக்கணக்கில் கொடுப்பதை யாராலும் கற்பனை செய்ய முடியாத விலை.

சிக்கல் ஓரிடத்தில்தான். கார்டிசோனுக்குப் பதினோராம் கார்பனில் ஓர் ஆக்சிஜன் வேண்டும். பித்த அமிலத்தில் அது பன்னிரண்டில் இருந்தது. பக்கத்து வீட்டுக்கு மாற்றுவதுதானே என்று தோன்றும். ஆனால் வேதிப்பொருளுக்குக் கதவு எண் பார்க்கத் தெரியாது. வீரியமான ஆக்சிஜனேற்றியை ஊற்றினால் எங்கெல்லாம் எளிதில் வினை நடக்குமோ அங்கெல்லாம் பாயும். பதினொன்று மூலக்கூறின் நடுவில், பிடித்து இழுக்கக் கொக்கி எதுவும் இல்லாத இடம். மற்றதை மூடி வைத்து, பதினொன்றை மட்டும் திறந்து, பிறகு மூடியதையெல்லாம் அவிழ்க்க வேண்டும். இத்தனை படிகள் ஆனது அதனால்தான்.

இதற்கிடையே ரஸ்ஸல் மார்க்கர் என்ற வேதியியலாளர் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கு வகைகளில் இருக்கும் டயோஸ்ஜெனின் என்ற பொருளிலிருந்து புரொஜெஸ்டிரோனை மலிவாகச் செய்ய வழி கண்டிருந்தார். 1940-களிலேயே அது முன்பைவிட மிக மலிவாகக் கிடைக்கும் நிலை வந்தது. ஆனால் புரொஜெஸ்டிரோனிலும் பதினோராம் கதவு காலி.

ரொட்டிப் பூஞ்சை செய்த ஒரே ஒரு வேலை

மழைக்காலத்தில் பாக்கெட் ரொட்டியை இரண்டு நாள் மறந்து வைத்தால் என்ன ஆகும்? முதலில் வெள்ளைப் பஞ்சு போலப் படரும். மறுநாள் அந்தப் பஞ்சின் மேல் குண்டூசித் தலை அளவில் கறுப்புப் புள்ளிகள் வரும். பெரும்பாலும் அது ரைசோபஸ் பூஞ்சை. 1952-இல் அமெரிக்காவின் அப்ஜான் மருந்து நிறுவனத்தைச் சேர்ந்த டூரி பீட்டர்சனும் ஹெர்பர்ட் மர்ரேயும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பூஞ்சையை வளர்த்த திரவத்தில் புரொஜெஸ்டிரோனைப் போட்டார்கள். பூஞ்சை பதினோராம் கார்பனில் ஆக்சிஜனை மாட்டிக் கொடுத்தது. வேறெங்கும் பெரிதாகத் தொடவில்லை. ஏற்ற இனத்தைத் தேடிப் பிடித்தபோது, போட்டதில் எண்பது சதவீதத்துக்கு மேல் மாறிவந்தது. வேதியியல் பத்துப் பன்னிரண்டு படிகளில் திணறிய இடத்தைப் பூஞ்சை ஒரே படியில் கடந்தது.

பூஞ்சைக்குள் இருக்கும் நொதிதான் இதைச் செய்கிறது. நொதி என்பது புரதத்தால் ஆன ஓர் அச்சு. ஸ்டீராய்டு மூலக்கூறு அந்த அச்சுக்குள் ஒரே ஒரு வாகில்தான் போய்ப் பொருந்தும். பொருந்தியதும் பதினோராம் கார்பன், நொதியின் நடுவில் இரும்பணு பிடித்து வைத்திருக்கும் ஆக்சிஜனுக்கு நேர் எதிரே வந்து நிற்கும். மற்ற கார்பன்கள் எட்டாத தூரத்தில் இருக்கும். பூட்டில் சாவி நுழைவதைவிட, இட்லித் தட்டின் குழியில் மாவு உட்காருவதற்கு இது நெருக்கம்: குழி எந்த வடிவமோ அந்த வடிவம்தான் வரும். நம் கல்லீரல் மருந்துகளை உடைக்கப் பயன்படுத்தும் நொதிகளும் இதே வகைதான்.

பூஞ்சை எதற்காக இதைச் செய்கிறது? மனிதருக்கு மருந்து செய்ய அல்ல. புரொஜெஸ்டிரோன் போன்ற எண்ணெய்ப்பசை உள்ள பொருட்கள் அதன் செல்லுக்கு நஞ்சாகக்கூடும். ஆக்சிஜன் சேர்த்தால் நீரில் கொஞ்சம் கூடுதலாகக் கரையும், வெளியே தள்ளுவது எளிது. பெரும்பாலான ஆய்வாளர்கள் இப்படித்தான் விளக்குகிறார்கள்.

ஒரு நுணுக்கம் உண்டு. வளையத் தளத்துக்கு மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்று இரண்டு உண்டு. ரைசோபஸ் ஆக்சிஜனைக் கீழ்ப்பக்கம் மாட்டும். மனித உடல் மேல்பக்கம் மாட்டும். கார்டிசோனில் அந்த ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பில், அதாவது இரண்டு கையாலும் கார்பனைப் பிடித்தபடி நிற்பதால் மேல், கீழ் என்ற பேச்சே இல்லை, அதனால் ரைசோபஸ் போதும். கார்டிசாலுக்கு, அதாவது மருந்துக்கடையில் ஹைட்ரோகார்டிசோன் என்று கிடைப்பதற்கு, மேல்பக்கம்தான் வேண்டும். அதற்குக் கர்வுலேரியா லுனேட்டா என்ற வேறொரு பூஞ்சை பயன்பட்டது.

கிராம் 200 டாலராக இருந்த கார்டிசோன் சில ஆண்டுகளில் 6 டாலருக்கு இறங்கியது. 1980-களுக்கு வரும்போது ஒரு டாலருக்கும் கீழே.

அடுத்த கதவுகள்

வழி திறந்ததும் ஆய்வுக்கூடங்கள் மண்ணையும் அழுகிய இலையையும் சலித்து, எந்த நுண்ணுயிர் எந்தக் கதவைத் திறக்கும் என்று தேடத் தொடங்கின.

1. ஒன்றாம், இரண்டாம் கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு: 1955-இல் ஷெரிங் மருந்து நிறுவனத்தில் ஆர்தர் நோபைல் குழுவினர் கோரினிபாக்டீரியம் சிம்ப்ளெக்ஸ் என்ற பாக்டீரியாவைக் கொண்டு இதைச் சாதித்தார்கள். கார்டிசோன் பிரெட்னிசோன் ஆனது, ஹைட்ரோகார்டிசோன் பிரெட்னிசலோன் ஆனது. 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோனின் வேலையை 5 மில்லிகிராம் பிரெட்னிசலோன் செய்யும். உடலில் உப்பும் நீரும் தேங்குவதும் குறைவு.
2. பதினாறாம் கார்பன்: ஸ்ட்ரெப்டோமைசஸ் வகைப் பாக்டீரியா இங்கே ஆக்சிஜன் சேர்க்கும். டிரயாம்சினலோன் இந்த வழியில் வந்தது.
3. ஒன்பதாம் கார்பனில் ஃபுளோரின்: இதை வேதியியல்தான் செய்ய வேண்டும். ஆனால் அதற்கு வழிவிட ஒன்பதில் முதலில் ஆக்சிஜன் மாட்டிக் கொடுப்பது பாக்டீரியாவால் முடியும். டெக்சாமெத்தசோன் இங்கே சேர்கிறது. 0.75 மில்லிகிராம் போதும், 5 மில்லிகிராம் பிரெட்னிசலோனுக்குச் சமம்.

ஆக, மருந்தாலையில் கிருமியும் வேதியியலும் மாறி மாறி வேலை செய்கின்றன. முழுக்கக் கிருமியால் ஆன மாத்திரை என்று எதுவும் கடையில் இல்லை. 2003-இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் விலங்கு, தாவர மரபணுக்களை ஈஸ்ட்டுக்குள் வைத்து, எளிய உணவிலிருந்தே ஹைட்ரோகார்டிசோனை அது செய்யும்படி ஆக்கிக் காட்டினார்கள். ஆய்வு என்ற வகையில் பெரிய சாதனை.

மல்லாட்டை எண்ணெயில் இருக்கும் கச்சாப்பொருள்

1970-களில் மெக்சிகோ அரசு கிழங்கு வணிகத்தைத் தன் கையில் எடுத்தது. விலை ஏறியது. நிறுவனங்கள் வேறு கச்சாப்பொருளைத் தேடின. அது சமையலறையிலேயே இருந்தது.

தாவர எண்ணெய் எல்லாவற்றிலும் கொலஸ்டிராலின் தாவர உறவினரான ஸ்டிரால்கள் உண்டு. வடஆற்காட்டு மானாவாரி நிலங்களில் விளையும் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ஆட்டி எடுத்த எண்ணெயில் 100 கிராமுக்குச் சுமார் 200 மில்லிகிராம் இருக்கும். பெரும்பங்கு பீட்டா-சிட்டோஸ்டிரால். செக்கு எண்ணெயில் அது நம் வயிற்றுக்குப் போய்விடும். பெரிய ஆலைகளில் சோயா எண்ணெயைச் சுத்திகரித்து வாசனை நீக்கும்போது ஆவியோடு வெளியேறிப் படியும் பசை போன்ற கழிவில் இந்த ஸ்டிரால்கள் செறிந்து கிடக்கும். உலகச் சந்தையில் இன்று ஸ்டீராய்டுக்கான முக்கியக் கச்சாப்பொருள்களில் ஒன்று அதுதான்.

ஆனால் ஸ்டிராலுக்கு நீண்ட வால் உண்டு. அதை நறுக்கினால்தான் மருந்துக்கு உதவும். இங்கேதான் மண்ணில் வாழும் மைக்கோபாக்டீரியங்கள் வருகின்றன. இவற்றுக்கு ஸ்டிரால் உணவு. வாலைத் தின்னும், பிறகு வளையங்களை உடைக்கும், கடைசியில் கரியமில வாயுவும் நீரும்தான் மிஞ்சும். நமக்கு வேண்டியது பாதியில் நிற்கும் பந்தி: வாலைத் தின்றுவிட்டு வளையத்தைத் தொடாமல் எழுந்துவிட வேண்டும்.

வளையத்தை உடைக்க அந்தப் பாக்டீரியாவுக்கு இரண்டு நொதிகள் சேர்ந்து வேண்டும். ஒன்று, ஒன்றாம் கார்பன் பக்கம் இரட்டைப் பிணைப்பு போடுவது. இன்னொன்று, ஒன்பதாம் கார்பனில் ஆக்சிஜன் மாட்டுவது. இரண்டும் நடந்தால் வளையம் தானாக விண்டுபோகும். இதைப் புரிந்துகொண்டதும் கணக்கு எளிதாகிவிட்டது:

1. இரண்டு நொதிகளின் மரபணுக்களையும் முடக்கினால் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் சேர்ந்துகொண்டே போகும். டெஸ்டோஸ்டிரோன் உள்ளிட்ட பலவற்றுக்கும் இது தாய்ப்பொருள்.
2. ஒன்பதாம் கதவு நொதியை மட்டும் முடக்கினால், ஒன்றாம் கதவில் இரட்டைப் பிணைப்பு போட்ட வடிவம் தங்கும். ஈஸ்ட்ரோஜன் வகைகளுக்கு அது உதவும்.
3. ஒன்றாம் கதவு நொதியை மட்டும் முடக்கினால், ஒன்பதில் ஆக்சிஜன் மாட்டிய வடிவம் கிடைக்கும். டெக்சாமெத்தசோனுக்கு வேண்டியது அதுதான்.

பழைய ஆய்வாளர்கள் இதைப் புற ஊதாக் கதிரடித்து, ஆயிரக்கணக்கான திரிபுகளில் ஒன்றைப் பொறுக்கிச் செய்தார்கள். இன்று மரபணுவை நேராக வெட்டி நீக்க முடிகிறது. நுண்ணுயிர்வழி ஸ்டீராய்டு பற்றி இப்போது வரும் செய்திகளில் பல இந்த வேலையைச் சுற்றியவை.

கரிகிரியில் சந்திக்கும் இரு கிளைகள்

மைக்கோபாக்டீரியம் என்றதும் வேலூர் பக்கத்தவர்களுக்கு நெஞ்சு திடுக்கிடும், நியாயம்தான். தொழுநோய்க் கிருமியும் காசநோய்க் கிருமியும் அந்தப் பெயர் கொண்டவை. வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955-இலிருந்து இயங்கும் ஷீஃபெலின் நிறுவனம் தொழுநோய்க்காகவே உருவானது.

மருந்தாலைத் தொட்டியில் வளர்க்கப்படுபவை அதே பெருங்குடும்பத்தின் மண்வாழ் கிளைகள். சில நூல்கள் இப்போது அவற்றை மைக்கோலிசிபாக்டீரியம் என்று தனியாகவே அழைக்கின்றன. தொழுநோய்க் கிருமியை எந்த ஆய்வுக்கூடத் தட்டிலும் வளர்க்க முடியாது. 2001-இல் அதன் முழு மரபணு வரிசை வெளியானது. படித்தறியப்பட்ட கிருமி தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து வந்தது. மரபணுத் தொகுதியில் பாதிக்கும் குறைவான பகுதியில்தான் செயல்படும் மரபணுக்கள் இருந்தன. மீதியில் செத்துப்போன மரபணுக்கள் மலிந்து கிடந்தன. மனித உடலுக்குள்ளேயே ஒண்டி வாழ்ந்து, தனியாகப் பிழைக்கும் திறனை அது இழந்துவிட்டது. மண்ணில் வாழும் உறவினர்கள் எதையும் தின்னும் திறனை வைத்துக்கொண்டிருக்கின்றன.

தொழுநோய்க்கு மருந்து எடுக்கும்போதோ முடித்த பிறகோ சிலருக்கு நரம்புகள் திடீரென வீங்கும். செத்த கிருமியின் எச்சத்தை உடலின் எதிர்ப்புசக்தி தாக்குவதால் வருவது. சில நாட்களில் கை விரல் மடங்கிப்போகலாம், கண் இமை மூடாமல் போகலாம். அப்போது கொடுப்பது பிரெட்னிசலோன். வழக்கமாக நாளுக்கு 40 மில்லிகிராமில் தொடங்கி, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். கிராம் 200 டாலர் விலையிலேயே மருந்து நின்றிருந்தால், கூலி வேலை செய்யும் ஒருவரின் கைகளைக் காப்பாற்ற இதைக் கொடுத்திருக்கவே முடியாது. எனக்கு இந்த விஷயத்தில் முக்கியமாகத் தோன்றுவது இதுதான்: கிருமி மருந்தை மென்மையாக்கவில்லை, மலிவாக்கியது.

தொட்டிக்குள் நடப்பது

ஆலையில் முதலில் சிறு குடுவையில் கிருமியை வளர்த்து, அடுத்தடுத்துப் பெரிய கலங்களுக்கு மாற்றுவார்கள். கடைசித் தொட்டி ஆயிரக்கணக்கான லிட்டர். நீராவியால் கிருமி நீக்கிய சர்க்கரையும் சத்தும் கலந்த நீர், வடிகட்டிய காற்று, ஓயாமல் சுழலும் கலக்கி. நன்கு வளர்ந்ததும் ஸ்டீராய்டைச் சேர்ப்பார்கள். அது நீரில் கரையாது, மாவாக மிதக்கும். மிக நுண்ணிய பொடியாக்கியோ எண்ணெயில் கலந்தோ கொடுக்க வேண்டும். ஆலைக்காரர்களுக்குத் தலைவலி பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அப்புறம் ஒன்றிரண்டு நாள் முதல் சில நாள் வரை காத்திருப்பு. முடிந்ததும் கரைப்பானால் பிரித்து, படிகமாக்கி, கழுவி, மீண்டும் படிகமாக்குவார்கள். மருந்தில் கிருமி ஏன் இருக்காது என்ற முதல் கேள்விக்கு விடை இதுதான். கடையில் வரும் மூலக்கூறு எந்த வழியில் செய்திருந்தாலும் ஒன்றே. அதனால் பக்கவிளைவும் ஒன்றே.

"புதிய" என்றால் எது புதிது?

செய்தியில் "புதிய" என்ற சொல் வந்தால் இரண்டில் ஒன்றாக இருக்கும். பழைய மருந்துக்குப் புதிய வழி என்பது ஒன்று. இது ஓரிரு ஆண்டுகளில் ஆலைக்கு வரலாம். இதுவரை இல்லாத மூலக்கூறு என்பது இன்னொன்று. பூஞ்சையிடம் ஒரு ஸ்டீராய்டைக் கொடுத்தால் ஆறாவது, ஏழாவது, பதினான்காவது கதவு என்று எதிர்பாராத இடங்களில் ஆக்சிஜன் மாட்டித் தருவது உண்டு. அவை தட்டில் வளரும் செல்களில் பலன் காட்டியதாகக் கட்டுரைகள் வரும். அங்கிருந்து மாத்திரைக்கு விலங்குச் சோதனை, மூன்று கட்ட மனிதச் சோதனை என்று பத்தாண்டுக்கு மேல் ஆகலாம். பெரும்பாலானவை வழியிலேயே நின்றுவிடும்.

இப்படிப்பட்ட சிறு மாற்றங்களுக்குப் பின்னால் ஆய்வாளர்கள் அலைவதற்குக் காரணம் உண்டு. 2023 அக்டோபரில் அமெரிக்கா அனுமதித்த வாமரோலோன், தசை அழியும் டுஷேன் நோய்க்குழந்தைகளுக்கானது. அதில் பதினோராம் கதவு ஆக்சிஜன் கிடையாது. 1952-இல் அரும்பாடுபட்டு மாட்டிய அதே ஆக்சிஜனை எடுத்துவிட்டு, வீக்கத்தை அடக்கும் பலனைத் தக்கவைத்து எலும்புக்கும் வளர்ச்சிக்கும் வரும் கேட்டைக் குறைக்கலாம் என்பது அதன் பின்னணி எண்ணம்.

மலிவானதால் வந்தவை

2020 ஜூனில் பிரிட்டனின் பெரிய சோதனை ஒன்று, வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் சாவை டெக்சாமெத்தசோன் மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாகக் காட்டியது. நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும் கிடைக்கும் மருந்து என்பதால் உடனே பயன்பட்டது. அதே சோதனையில், ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை. ஆனால் 2021 இரண்டாம் அலையில் வீட்டிலிருந்த பலரும் முதல் நாளிலிருந்தே விழுங்கினார்கள். சர்க்கரை எகிறியது. கறுப்புப் பூஞ்சை நோய் பரவியது. அந்நோயை அதிகம் உண்டாக்கும் ரைசோபஸ் அரைசஸ், 1952-இல் அப்ஜான் ஆய்வுக்கூடத்தில் முதலில் வேலை செய்த அதே இனம். மருந்தைச் செய்ய உதவிய பூஞ்சை, அந்த மருந்து எதிர்ப்புசக்தியைத் தளர்த்திய உடலில் நோயாக நுழைந்தது.

கிராமங்களில் "செட் மாத்திரை" பழக்கம் இன்னும் இருக்கிறது. உடம்புவலி என்று சொன்னால் பட்டையிலிருந்து பிரித்த நாலைந்து மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். அதில் ஒரு ஸ்டீராய்டு இருந்தால் வலி அன்றே பறந்துவிடும், வாங்கியவர் திரும்பத் திரும்ப வருவார். மாதக்கணக்கில் போனால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும். உடலின் சொந்த அட்ரினல் சுரப்பி, வெளியிலிருந்து வருகிறதே என்று தன் வேலையைக் குறைத்துவிடும். அந்த நிலையில் சட்டென நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. மருத்துவர் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். முகம் வெளுக்க என்று பூசும் களிம்புகளிலும் இதே குடும்பம் உண்டு. 2018-இல் மேல்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு விதியைத் திருத்தியது.

தொட்டியிலிருந்து வெளியேறும் நீர்

கிழங்கிலிருந்து டயோஸ்ஜெனின் எடுக்கும் பழைய முறை அமிலம் கலந்த கழிவுநீரைக் கொட்டியது. நுண்ணுயிர் முறை அந்த வகையில் மேல். ஆனாலும் கழிவே இல்லாத முறை கிடையாது. கரைப்பானும் செத்த கிருமிக் கூழும் வரும், கூடவே மாறாமல் தங்கிய ஸ்டீராய்டும் கொஞ்சம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் காகித ஆலைக் கழிவு கலந்த ஓர் ஆற்றில், பெண் மீன்கள் ஆண் மீன்களின் உடலமைப்பைப் பெற்றதை ஆய்வாளர்கள் கண்டார்கள். மரக்கூழில் இருக்கும் ஸ்டிரால்களை மைக்கோபாக்டீரியங்கள் ஆண் ஹார்மோன் போன்ற பொருளாக மாற்றுவது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆலைத் தொட்டியில் திட்டமிட்டுச் செய்யும் அதே வேலை, ஆற்றில் யாரும் கேட்காமல் நடந்திருக்கிறது.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்குப் பாலாற்றில் தோல் கழிவு என்ன செய்தது என்று சொல்லித் தர வேண்டியதில்லை. நுரையும் நிறமும் உவர்ப்பும் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரிந்தன, குரோமியத்தை அளந்து காட்ட முடிந்தது. ஹார்மோன் கழிவுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. லிட்டருக்கு நானோகிராம் அளவிலேயே மீனைப் பாதிக்கும். ஆலைக் கழிவுநீரில் வழக்கமாகப் பார்க்கும் பி.ஓ.டி, சி.ஓ.டி, டி.டி.எஸ் அளவுகள் (நீரிலுள்ள அழுக்கையும் கரைந்த உப்பையும் காட்டுபவை) எல்லாம் வரம்புக்குள் இருக்கும்போதும் அது நீரில் இருக்கலாம். எனவே இப்படியொரு ஆலை இந்தப் பகுதிக்கு வருகிறது என்றால், பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டிய கேள்வி: கழிவுநீரில் ஸ்டீராய்டைத் தனியாக அளப்பீர்களா, எத்தனை நாளுக்கு ஒருமுறை, அந்த முடிவை எங்கே வெளியிடுவீர்கள்?